காலெடுத்தவள்

அருணகிரி கோழியைப் பார்த்துத்தான் பேசினான்.

“ரப்பரெல்லாம் மாத்தியாச்சி. ஏர் எடுக்கணும். பெடல்ல வெக்க ஒரு காலு வேணும்.”

கோழி மண்ணைக் கிளறியது. பாஞ்சாலை உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தாள். உலக்கை நிற்கவில்லை.

“ஊர்ல எத்தினி காலு கெடக்குது” என்றாள் உரலிடம். “எதுனா ஒண்ண புடிச்சி வெச்சிக்கச் சொல்லு.”

புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துப் பேசி ஒரு மழைக்காலம் முழுதாகப் போய்விட்டது. சோறு வைத்தால் ‘தட்டுல இருக்குது’ என்று அவள் கதவுக்குச் சொல்வாள். ‘உப்பு பத்தல’ என்று அவன் தட்டுக்குச் சொல்வான். கோழிக்கும் ஆட்டுக்கும் அந்த வீட்டின் நடப்பு முழுக்கத் தெரியும்.

அவன் நகரவில்லை. கையில் பிரேக் ஆயில் டின்னும் ஸ்பேனரும் இருந்தன. வாசலுக்கு வெளியே ஜீப் நின்றது. சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் ஓட்டிய ஜீப். ஸ்டியரிங் இடது பக்கம். பட்டாளம் கழித்துவிட்டதை வாணியம்பாடித் தோல் மண்டிக்காரர் ஓட்டினார். அவர் கழித்துவிட்டதை அருணகிரி ஓட்டினான். புதூர்நாட்டு மலையிலிருந்து திருப்பத்தூர்ச் சந்தைக்குப் புளியும் பலாவும் ஆட்களும் அதில்தான் இறங்கின. இறங்கின என்பது போன வருஷத்துப் பேச்சு.

அந்த ஜீப்பை அருணகிரி ஒற்றை ஆளாகப் பிரித்துப் போட்டு ஒற்றை ஆளாக மாட்டுவான். எஞ்சின், கியர், எதற்கும் அவனுக்குத் துணை வேண்டாம். பிரேக்கில் ஏர் எடுக்க மட்டும் இரண்டு பேர் வேண்டும். பெடலை மிதித்தால் எண்ணெய் குழாய் வழியாக ஓடி நாலு சக்கரத்தையும் பிடிக்கிறது. சாமான் மாற்றும்போது குழாயில் காற்று நுழைந்துவிட்டால், மிதிக்கிற மிதியெல்லாம் காற்றை அமுக்குவதோடு சரி, சக்கரம் நிற்காது. அந்தக் காற்றை வெளியேற்ற, ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை அடித்து அடித்து அமுக்கிப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற நிப்பிளைத் திறந்து, காற்றும் எண்ணெயும் பீய்ச்சிக்கொண்டு வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் மேலே இருக்கிற கால் எழும்பலாம். அதற்கு முன்னால் எழும்பினால், போன காற்று திரும்பி வந்துவிடும்.

மேலே உட்கார ஊரில் ஒருவனும் வரவில்லை. அண்ணன் தீர்த்தகிரியைக் கேட்டான். அவன் கோணிப்போன கையைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போனான். பங்காளி ஒருவனைக் கேட்டான். “அந்த வண்டியிலயா? நான் புள்ளகுட்டிக்காரன்பா” என்றான் அவன். நிற்கிற வண்டியில் உட்காரக்கூட ஆள் இல்லை. சுற்றிச் சுற்றிக் கடைசியில் கோழியிடம் வந்திருந்தான்.

“யாரும் வர மாட்டன்றாங்க” என்றான்.

உலக்கை இப்போது இன்னும் வேகமாக விழுந்தது. வருவான் என்று அவளுக்குத் தெரியும். அதற்காகத்தான் காத்திருந்தாள்.

*

பாஞ்சாலை பிறந்தது காவலூர்ப் பக்கம். வானம் பார்க்கிற பெரிய கட்டடம் அங்கே எழும்பியபோது அவள் சித்தாள். மற்றப் பெண்கள் மண் சுமந்தார்கள். இவளை மேஸ்திரி துரைக்கண்ணு கப்பிக் கயிற்றில் நிறுத்தினார். கல்லும் கலவையும் கயிற்றில் மேலே போகும். மேலே இருப்பவன் கண்ணுக்குத் தெரிய மாட்டான். குரல் மட்டும் வரும்.

“புடின்னா புடி. வுடுன்னா வுடு” என்று முதல் நாளே சொன்னார் துரைக்கண்ணு. “நடுவுல யோசன பண்ணாத. நீ யோசன பண்ற நேரத்துக்குள்ள மேல கீறவன் கீழ வந்துருவான்.”

அவள் யோசிக்கவில்லை. ‘புடி’ என்ற சொல் காதில் விழுந்ததும் கை கயிற்றை இறுக்கும். ‘வுடு’ என்றதும் தளர்த்தும். காதுக்கும் கைக்கும் நடுவில் அவள் இல்லை. “பாஞ்சால கயித்துல நின்னா நான் குந்திக்கினு பீடி குடிப்பேன்” என்று மேஸ்திரி எல்லார் முன்னாலும் சொல்வார். அவளை யாரும் அதற்கு முன்னால் புகழ்ந்ததில்லை. பிறகும் இல்லை.

மண்டிக்காரரின் ஜீப்பில் மரம் ஏற்றிக்கொண்டு அங்கே வந்த டிரைவர்தான் அருணகிரி. அவள் கயிறு பிடித்து நிற்பதைப் பார்த்துத்தான் பெண் கேட்டு வந்தான். கல்யாணமாகிப் புதூர்நாட்டுக்கு வந்தாள். ஜீப் அவன் கைக்கு வந்தது. சாமை விதைத்தாள், புளி உலுக்கினாள், ஆடு மேய்த்தாள். ஜீப்பில் ஏறுகிறவர்கள் அவளை ‘டிரைவர் பொண்டாட்டி’ என்றார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

போன வருஷம் புளிக் காலத்தில் பிரேக்கில் எண்ணெய் ஒழுகியது. அருணகிரி ரப்பரை மாற்றினான். அன்றைக்குச் சந்தை. மூட்டைகள் ஏற்றியாகிவிட்டது, ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். மேலே உட்கார ஆள் தேட நேரமில்லை.

“ஏறு பாஞ்சால. நான் சொல்ற மாதிரி செய்யி.”

ஏறினாள். காலடியில் பெடல். அவன் கீழே மறைந்தான். குரல் மட்டும் வந்தது. அவளுக்குப் பழக்கப்பட்ட வேலையாகவே இருந்தது.

“அடி… அடி… அடி… புடி!”

பிடித்தாள்.

“வுடு!”

விட்டாள்.

நாலு சக்கரத்துக்கும் அப்படித்தான். அவன் ‘வுடு’ என்ற இடத்திலெல்லாம் அவள் கால் உடனே எழும்பியது. கீழே எண்ணெய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. கடைசிச் சக்கரம் முடிந்ததும் பெடலை ஒருமுறை மிதித்துப் பார்த்தாள். ஈர வைக்கோலை மிதிப்பது போல இருந்தது.

“இன்னாயா இது, மெத்துனு போவுது.”

“உனுக்கு இன்னா தெரியும்? எறங்கு, நேரமாவுது.”

அவன் ஏறி வேகவேகமாகப் பத்து அடி அடித்தான். பெடல் கொஞ்சம் மேலே வந்தது. கிளம்பினான்.

மூன்றாவது வளைவில் பெடல் தரையைத் தொட்டது. கைப்பிரேக் பேருக்குத்தான் இருந்தது. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மலை. அருணகிரி மலையில் விட்டான். மூட்டைகள் சிதறின. பலருக்குச் சிராய்ப்பு. அருணகிரியின் முழங்கால் வீங்கியது. முன்னால் உட்கார்ந்திருந்த தீர்த்தகிரியின் கை முழங்கைக்குக் கீழே ஒடிந்தது. கட்டுப் போட்டும் நேராகச் சேரவில்லை.

காளி கோயில் மேடையில் ஊர் கூடியது. ஊர்க்கவுண்டர் வீரன் நடுவில் உட்கார்ந்தார். பெண்கள் ஓரமாக நின்றார்கள்.

“பிரேக் ஏம்பா புடிக்கல?”

அருணகிரி முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினான். “ஏர் எடுக்கும்போது அவ கால எடுத்துட்டா. காத்து பூந்துடிச்சி.”

“யாரு?”

“பாஞ்சால.”

“வுடுன்னு சொன்னாரு, வுட்டேன்!” என்று ஓரத்திலிருந்து கத்தினாள் பாஞ்சாலை. கூட்டத்தில் பெண் குரல் எழும்பக் கூடாது. ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான்.

“வண்டி வேலைக்கி பொம்பளய ஏத்தினியே, உன்னச் சொல்லணும்” என்றார் கவுண்டர். “பொம்பள காலு அதுல பட்டதே தப்பு.”

தீர்ப்பு சின்னதுதான். பெடலை அவள் மஞ்சள் தண்ணீரால் கழுவ வேண்டும். தீர்த்தகிரியின் காலில் விழ வேண்டும். இனி அவள் கால் அந்த வண்டியில் படக் கூடாது.

அவள் அருணகிரியைப் பார்த்தாள். ‘நான்தான் அப்படிச் சொன்னேன்’ என்று ஒரு வார்த்தை. அவன் மண்ணைச் சுரண்டிக்கொண்டே இருந்தான். கழுவினாள். விழுந்தாள். எழுந்தபோது அவளுக்குப் புதுப் பேர் வந்திருந்தது.

காலெடுத்தவள்.

ஊற்றில் தண்ணீர் மொள்ளப் போனால் நீலாவதி, “வழி வுடுங்கடி, காலெடுத்தவ வர்றா. காலு பட்டு ஊத்து தூந்துடப் போவுது” என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நீலாவதி கெட்டவள் இல்லை. அவளுக்கு வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான். ஆனால் அந்த வாயில் ஏறிய பேர் இறங்காது. சின்னப் பிள்ளைகள்கூட அப்படியே சொல்லின. பாஞ்சாலை தன் பெயரை வெளியில் கேட்டே நாளாயிற்று.

*

முழங்கால் வீக்கம் வற்றாமல் அருணகிரி வீட்டில் கிடந்தபோது, மோதலில் அடிபட்ட பிரேக்கின் பழைய சிலிண்டரை வாணியம்பாடிக்குக் கொண்டுபோய் அதற்கேற்ற ரப்பர் வாங்கி வர வேண்டியிருந்தது. ‘ஹனீஃபா பாய் ஷெட்டுல குடுத்தா அளவு பாத்துத் தருவாரு’ என்று ஆட்டிடம் சொன்னான். பாஞ்சாலை சிலிண்டரைக் கோணியில் சுற்றிக்கொண்டு மலையிறங்கி பஸ் ஏறினாள்.

பாலாற்றுக்குப் பக்கத்தில் இருந்தது ஷெட். தோல் பதனிடுகிற வாடை அங்கே வரை வந்தது. உள்ளே ஒரு பெரிய கறுப்புக் கார், வெள்ளைக்காரன் காலத்துக் கார், சக்கரம் கழற்றிக் கட்டைமேல் நின்றது. கல்யாணத்துக்குக் கல்யாணம் வெளியே வருகிற கார் என்று பின்னால் தெரிந்தது. ஹனீஃபா கீழே படுத்திருந்தார்; லுங்கியும் இரண்டு பாதமும் மட்டும் தெரிந்தன. மேலே அவருடைய மச்சான் ஃபரூக், மீசைக்காரர், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நவாப் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“அடி… அடி… அடி… புடி!”

“புடிச்சேன்!”

“வுட்டேன்!”

ஃபரூக்கின் உடம்பு கொஞ்சம் முன்னால் சரிந்தது. பெடல் இறங்குகிறது. ஆனால் கால் எழும்பவில்லை.

“மூடிட்டேன். எடு!”

இப்போதுதான் கால் எழும்பியது.

கோணி கையிலிருந்து நழுவியது தெரியாமல் பாஞ்சாலை நின்றாள். இன்னொரு முறை செய்தார்கள். அதே வார்த்தைகள். அதே வரிசை.

“பாய்” என்றாள். “வுடுன்னு சொன்னா கால எடுக்கணுமா?”

காரின் அடியிலிருந்து தலை மட்டும் வெளியே வந்தது. “யாரும்மா வுடுன்னு சொல்றது? அந்தப் பேச்சே இங்க கெடையாது. புடின்னா நீ புடிக்கிற. வுட்டேன்னா நான் எண்ணெய வுடுறேன். எடுன்னா நீ கால எடுக்கற. மொட்டையா வுடுன்னு சொன்னா மேல கீறவன் இன்னாத்த வுடுவான்? என் மானத்தயா?”

“அது போயி ரொம்ப நாளாச்சி மச்சான்” என்றார் ஃபரூக் மேலிருந்து.

“சும்மா குந்துடா.”

“மூடறதுக்கு முன்ன கால எடுத்தா?” என்று கேட்டாள்.

“காத்த உறிஞ்சிக்கும்மா. நாலு மணி நேரம் செஞ்ச வேல நாசம். நீ எந்த ஊரு?”

“புதூர்நாடு. அருணகிரி வூடு.”

“அட, அருணகிரி சம்சாரமா!” ஹனீஃபா முழுதாக வெளியே வந்து கையைத் துடைத்தார். “அவன் இங்கதானம்மா இந்த வேல கத்துக்கினான். இந்த எடத்துலதான் குந்துவான், ஃபரூக்கு குந்தற எடத்துல. அவனுக்கு இதெல்லாம் நல்லாத் தெரியுமே.”

அவனுக்கு இதெல்லாம் நல்லாத் தெரியுமே.

பஸ்ஸில் வரும்போது அந்த வாக்கியம் கூடவே வந்தது. அவசரத்தில் வாய் குழறி ‘வுட்டேன்’ என்பதை ‘வுடு’ என்று சொல்லியிருப்பான், அது பரவாயில்லை. யாருக்கும் வாய் தவறும். ஆனால் மேடையில் கவுண்டர் கேட்டபோது எங்கே தவறியது என்று அவனுக்குத் தெரியும். மண்ணைச் சுரண்டினானே, அப்போது தெரியும். அவள் மஞ்சள் தண்ணீர் கலக்கியபோது தெரியும். அவன் அண்ணன் காலில் நெற்றி பட்டபோது தெரியும். இத்தனை நாளும், தெரியாமல் பழி போட்டான் என்றுதான் அவள் கோபப்பட்டிருந்தாள். அந்தக் கோபம் சின்னது என்று பஸ்ஸில் புரிந்தது.

ரப்பரைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள். ஆட்டிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. சத்தம் போட்டால் வீட்டோடு போய்விடும். ஊரே கேட்க வேண்டும். அவனுக்கு ஒரு கால் தேவைப்படுகிற நாள் வரட்டும் என்று இருந்தாள்.

*

“யாரும் வர மாட்டன்றாங்க” என்று அவன் கோழியிடம் இரண்டாம் முறை சொன்னான். “ஊரு புளி மொத்தமும் மூட்டையில கெடக்குது. பக்கத்து ஊரு ஜீப்பு தெனமும் வந்து ஆரன் அடிச்சிட்டுப் போறான்.”

பாஞ்சாலை உலக்கையைச் சாய்த்து வைத்தாள்.

“எங்காலு வேணும்னா வண்டிய காளி கோயில் மேடைக்கித் தள்ளிக்கினு வரச் சொல்லு. அங்கதான் கால் வெப்பேன்.”

அருணகிரி கோழியை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். “அங்க எதுக்கு?”

“அங்கதான எங்காலு கெட்ட பேரு வாங்கிச்சி.”

அவன் முகம் மாறியது. ஸ்பேனரைக் கை மாற்றிப் பிடித்தான். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

புளி வைத்திருந்தவர்கள் எல்லாரும் வந்து தள்ளினார்கள். ஏர் எடுத்தால் அன்றைக்கே சந்தைக்குப் போகலாம் என்று செய்தி பரவி, மேடைக்கு முன்னால் மூட்டைகளும் ஆட்களும் சேர்ந்துவிட்டார்கள். சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். கவுண்டர் வீரனுக்கும் மூன்று மூட்டை இருந்தது. அவரும் வந்து மேடையில் உட்கார்ந்தார். கோணின கையோடு தீர்த்தகிரி மரத்தடியில் நின்றான்.

பாஞ்சாலை ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றாள். ஏறவில்லை.

“ஏறும்மா, வெயில் ஏறுது” என்றார் கவுண்டர்.

“எங்காலு வண்டியில படக் கூடாதுன்னு தீர்ப்பு இருக்குதுங்களே.”

கவுண்டர் தலையைச் சொறிந்தார். “அது… இப்ப அவசரத்துக்கு ஏறு.”

“யாருப்பா காலெடுத்தவளா ஏறறது?” என்று நீலாவதி கூட்டத்திலிருந்து கத்தினாள். “அப்ப எம்புளிய நான் தலையிலயே தூக்கிக்கினு போறேன்.”

சிரிப்பு எழுந்தது. பாஞ்சாலை ஏறினாள். பெடல்மேல் காலை வைத்தாள். மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவிய இடம். ஓரத்தில் துரு பிடித்திருந்தது.

அருணகிரி தூரத்துச் சக்கரத்துக்குப் போய்ப் படுத்தான். இந்த முறை நிப்பிளில் ஒரு குழாயை மாட்டி, எண்ணெய் ஊற்றிய பாட்டிலுக்குள் அதன் முனையை முக்கி வைத்தான். இதையெல்லாம் தெரிந்துதான் வைத்திருக்கிறான் என்று அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

“அடி… அடி… அடி…”

அடித்தாள்.

“புடி!”

பிடித்தாள்.

கீழே நிப்பிள் திறந்தது. பெடல் அவள் காலடியில் இறங்க ஆரம்பித்தது. பழக்கமோ, சுற்றிலும் ஊர் நின்று பார்க்கிற பதற்றமோ, அருணகிரியின் வாயிலிருந்து அதே சொல் வந்தது.

“வுடு!”

கால் எழும்பப் பார்த்தது. பல்லைக் கடித்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, காலைத் தரையோடு அழுத்தினாள்.

“இன்னாத்த வுட்றது?” என்று கத்தினாள். “எண்ணெயயா, காலயா?”

“எண்ணெய நான் வுடுறன்டி! நீ கால எடுக்காத!”

“வுடுன்னு சொன்னியே!”

“நான் சொல்ற வரைக்கும் எடுக்காத, மூடறேன்!” நிப்பிள் மூடப்பட்டது. “மூடிட்டேன்.”

பெடலிலிருந்து கால் எழும்பியது. பாஞ்சாலை இருக்கையிலிருந்தே திரும்பி, கீழே தெரிந்த இரண்டு பாதங்களைப் பார்த்துப் பேசினாள்.

“அன்னிக்கி இன்னா சொன்ன?”

ஒரு பாதம் மண்ணைத் தேய்த்தது.

“அன்னிக்கி இன்னா சொன்னன்னு கேக்கறேன். இன்னும் மூணு சக்கரம் கெடக்குது. சொன்னாத்தான் அடிப்பேன். இல்ல, பக்கத்து ஊரு ஜீப்ப கூப்புடு.”

“அதான்…” என்றது கீழே இருந்து ஒரு குரல்.

“எது?”

“இதேதான் சொன்னேன்.”

“மூஞ்சிய காட்டிச் சொல்லு. வண்டிக்கி அடியில பேசறத யாரு கேக்கறது?”

அருணகிரி வெளியே வந்தான். முதுகெல்லாம் மண், கன்னத்தில் எண்ணெய். யாரையும் பார்க்காமல் நின்றான். ஒருவனாவது ஏதாவது பேசுவான் என்று எதிர்பார்த்தது போல நின்றான்.

“நான் வுடுன்னு சொன்னேன்” என்றான். “அவ வுட்டா.”

“தெரிஞ்சி சொன்னியா, தெரியாம சொன்னியா?”

“வாய் தவறிச் சொன்னேன்.”

“மேடையில?”

அவன் கன்னத்து எண்ணெயைத் துடைத்தான். “மேடையில தெரியும்” என்றான்.

தீர்த்தகிரி மரத்தடியில் நின்று தன் கையைப் பார்த்துக்கொண்டான். கவுண்டர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டார்.

“சரி, சரி. புருஷன் பொண்டாட்டி வெவகாரம். வூட்ல போயி பேசிக்குங்க. மொதல்ல வேலய முடிங்க.”

“முடிக்கறேன்” என்றாள் பாஞ்சாலை.

மற்ற மூன்று சக்கரமும் மளமளவென்று ஆயின. அருணகிரி ஹனீஃபாவின் ஷெட்டில் கற்றபடி ஒழுங்காகச் சொன்னான். புடி. வுட்டேன். மூடிட்டேன். எடு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் பெடல் மேலே மேலே வந்தது. கடைசிச் சக்கரத்தில் பாட்டிலில் குமிழி நின்று சுத்தமான எண்ணெய் வந்தது.

“மூடிட்டேன். எடு.”

அவள் எடுக்கவில்லை.

பெடல் காலடியில் கல் மாதிரி நின்றது. இதுதான் பிரேக். இதைத்தான் அன்றைக்கு மெத்தென்று போகிறது என்று சொன்னாள்.

“எடு பாஞ்சால. முடிஞ்சிடிச்சி.”

“எடுக்க மாட்டேன்.”

அருணகிரி கவுண்டரைப் பார்த்தான். மூட்டைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“இன்னாம்மா இது?” என்றார் கவுண்டர். “அவன்தான் சொல்லிட்டானே.”

“அவரு சொன்னாரு. நீங்க சொல்லல. அன்னிக்கித் தீர்ப்பு சொன்ன வாயால சொல்லுங்க, எடுக்கறேன்.”

“வூட்டு வெவகாரத்துக்கெல்லாம் நான்…”

“வூட்டு வெவகாரத்துக்கு ஏன் கவுண்டரே அன்னிக்கி ஊரக் கூட்டினீங்க?”

ஓர் இளைஞன், மூட்டையோடு வெகுநேரமாக நின்றவன், கல்லை எட்டி உதைத்தான். “தள்ளுங்கப்பா, அவ குந்திக்கினு இருக்கட்டும்” என்றான். நாலைந்து பேர் பின்னால் போய்த் தோள் கொடுத்தார்கள். பாஞ்சாலை உடம்பு முழுவதையும் அந்த ஒரு காலில் வைத்தாள். தள்ளினார்கள். மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். சக்கரம் மண்ணில் ஒரு கோடுகூடப் போடவில்லை.

“மாமா” என்றான் தள்ளியவன் அருணகிரியிடம், மூச்சு வாங்கிக்கொண்டு, “பிரேக்கு சும்மா கும்முனு புடிக்குது மாமா.”

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாஞ்சாலையைப் பார்த்து இல்லை.

“சொல்லித் தொலைங்களேன் கவுண்டரே” என்று நீலாவதி கத்தினாள். “எம்புளி வெயில்ல உருகுது. ஒரு வார்த்தைக்கி இம்மாந்நேரமா?”

கவுண்டர் எழுந்து நின்றார். அன்றைக்கு உட்கார்ந்துகொண்டேதான் சொன்னார்; இன்றைக்கு எழுந்துவிட்டார். எழுந்தது மரியாதைக்கா, சீக்கிரம் முடித்துவிட்டுப் போகவா என்று சொல்ல முடியாது.

“அன்னிக்கிச் சொன்ன தீர்ப்பு தப்பு. வுடுன்னு சொன்னவன்மேலதான் குத்தம். பாஞ்சாலமேல குத்தமில்ல.”

“எங்காலு?”

“இன்னா காலு?”

“பொம்பள காலு வண்டியில பட்டதே தப்புன்னீங்களே.”

கவுண்டர் அவளை ஒருமுறை பார்த்தார். அவள் காலைப் பார்த்தார். “அதுவும் தப்பில்ல.”

“சக்கரத்துக்குக் கல்லு வைங்க” என்றாள்.

உதைத்தவனே ஓடிப்போய்க் கல்லை எடுத்து வைத்தான். அதைப் பார்த்த பிறகு பாஞ்சாலை காலை எடுத்தாள். இறங்கும்போது ஜீப்பின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள், யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் மூட்டைகளைத் தூக்கத் தொடங்கியிருந்தார்கள்.

மரத்தடியைக் கடக்கும்போது தீர்த்தகிரி மெதுவாகச் சொன்னான்: “நான் வுழச் சொல்லலியே பாஞ்சால.”

“வுழாதன்னும் சொல்லல மாமா.”

அவன் கோணின கையை மற்றக் கையால் மூடிக்கொண்டான்.

“ஏறு, சந்தைக்கி வா” என்று அருணகிரி பின்னால் வந்து கூப்பிட்டான். நேராக அவளிடம்தான் பேசினான். “முன்னாலயே குந்து.”

“கோழிகிட்ட சொல்லு” என்றாள். நடந்தாள்.

பின்னால் ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது. முதல் வளைவுக்கு முன்னால் அவன் பிரேக் அடித்துப் பார்ப்பது தெரிந்தது. சட்டென்று நின்றது, மறுபடி கிளம்பியது. ஊற்றுப் பக்கம் போகிற இரண்டு பெண்கள் எதிரில் வந்தார்கள். ஒருத்தி வாயைத் திறந்தாள். பாஞ்சாலை நின்று அவளைப் பார்த்தாள். அவள், “இன்னா பாஞ்சால, வெயில்ல எங்க போய்ட்டு வர்ற?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பேர் திரும்பி வந்துவிட்டது. காலில் விழுந்தது திரும்பி வராது. அவன் மண்ணைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரமும் எங்கேயும் போகாது. அது அந்த வீட்டில்தான் இருக்கும், அவளோடும் அவனோடும் சோறு தின்றுகொண்டு.

வாசலுக்கு வந்தாள். உரலை மூடாமல் விட்டுவிட்டுப் போயிருந்தாள். உரல் விளிம்பில் ஏறி நின்று கோழிகள் பாதிச் சாமையைத் தின்றுவிட்டிருந்தன. மீதியைச் சுற்றிலும் இறைத்திருந்தன.

“உங்கள…” என்று கத்திக்கொண்டு உலக்கையைத் தூக்கினாள். கோழிகள் கூரைவரை பறந்தன. கோபம் இன்னும் கையில் மிச்சமிருந்தது. மிச்சமிருந்த சாமையில் அதை இறக்கினாள்.